மூன்றாம் ரூம் அக்காவின் ஐந்து பாட்டு

எங்கள் பக்கத்தில் முப்பத்துமூன்று வயது என்றால் கிழவிதான். சிரிக்க வேண்டாம். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை கம்பத்துக்குக் கம்பம் ஒட்டியிருக்கிற ஆள் தேவை நோட்டீசைப் படித்துப் பாருங்கள். பெண்கள் என்று போட்டு, பக்கத்திலேயே வயதும் போட்டிருப்பார்கள். இருபத்தாறோடு நம் கதை முடிந்தது. லைனில் நின்று நின்று கால் வீங்கி, கண்ணுக்குக் கண்ணாடி வந்து, "ஸ்பீடு கொறைஞ்சிடுச்சும்மா" என்ற ஒரே வார்த்தையோடு வெளியே அனுப்பப்பட்ட என் வயதுக்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இளசுகள் படித்தால் படிக்கட்டும்.

நான் இப்போது வேன் ஓட்டுகிறேன். ஷிப்ட்டுக்குப் பெண்களை ஏற்றி இறக்குகிற வேலை. என் வண்டியில் சோகப் பாட்டுதான் ஓடும். விட்டுப் போனவனை நினைத்துப் பாடுவது, வராதவனுக்குக் காத்திருப்பது, இந்த மாதிரி. காண்ட்ராக்டர் ஒரு நாள் கூப்பிட்டு, "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் எழவு வூட்டுப் பாட்டாவே போட்டுகினு கீற? பொண்ணுங்க மனசு கெட்டுப்பூடும். ஜாலியா எதுனா போடு" என்றார்.

"கெட்டுப்போனா நான் பாத்துக்கிறேண்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மனசு கெட்டுப்போவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு மழைக்காலத்திலேயே நான் அதைப் படித்து முடித்துவிட்டேன்.

அப்போது பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள் இருந்தன. அப்பா நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்று, வந்த பணத்தில் அதைக் கட்டினார். பிறகு அதே கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். தன் நிலத்துக்குத் தானே காவல் நிற்கிறோம் என்பதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரும்பாலும் தூங்குவார், அல்லது ட்யூட்டியில் இருப்பார். வீட்டை நடத்தியது அம்மா.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகு சபையில் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. சினிமாப் பாட்டு காதில் விழக்கூடாது. தெருவில் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் கத்த ஆரம்பித்தால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, தன் ஜெபப் பாட்டை அதைவிடச் சத்தமாகப் பாடுவாள். கண்ணை மூடி, கன்னத்தில் தண்ணீர் வழிய, எப்போது வருவீர் எப்போது வருவீர் என்று அவள் உருகுவதைப் பார்த்தால் நானும் கூடச் சேர்ந்து பாடிவிடுவேன். அதுவும் ஏக்கப் பாட்டுதான் என்று அப்போது சொல்லியிருந்தால் என் முதுகுத்தோல் உரிந்திருக்கும். இப்போது சொல்கிறேன்.

ஐந்து ரூமிலும் தெற்கேயிருந்து வந்த பெண்கள். மூன்றாம் ரூமில் நாலு பேர், அதில் மூன்று பேர் ஒரு ஷிப்ட், ஒருத்தி வேறு ஷிப்ட். அந்த ஒருத்திதான் நான் சொல்கிற அக்கா. சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒயர் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஒயர் நுனியில் பின் குத்திக் குத்தி அவளுடைய வலது கட்டைவிரல் நகம் தேய்ந்து பாதியாக இருக்கும். அந்தக் கையால் என் தலையை வாரினால் வலிக்கும், ஆனாலும் அவளிடம்தான் பின்னிக்கொள்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பினதும் நான் மூன்றாம் ரூமுக்கு ஓடிவிடுவேன். அடைமழைக் காலம். காயாத யூனிபார்ம்கள் ரூமுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கும். சோப்பும் ஈரமும் சேர்ந்த ஒரு வாசனை. அக்கா தன் போனை எடுத்து, சோறு வடிக்கிற எவர்சில்வர் குண்டானுக்குள் நிற்க வைப்பாள். அவ்வளவுதான், ரூம் முழுக்கப் பாட்டு நிறைந்துவிடும். குண்டானுக்குள்ளிருந்து வரும்போது பாடுகிறவன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டு அழுகிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ ஸ்பீக்கரில் கேட்டுவிட்டேன், அந்தக் குண்டான் சத்தம் எதிலும் இல்லை.

எல்லாம் காதல் தோல்விப் பாட்டு. "ஏன்க்கா, சந்தோசமான பாட்டே கெடியாதா உன்கிட்ட?" என்று கேட்டேன்.

"சந்தோசமா இருந்தா எதுக்குட்டி பாட்டு? அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போலாம்லா" என்றாள்.

பிறகு, யூனிபார்மைப் பிழிந்துகொண்டே, விஷயத்தைச் சொன்னாள். ஊரில் அவள் தையல் கிளாசுக்குப் போன மினி பஸ்ஸில் ஒரு கண்டக்டர். டேப்பில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பது அவன் கையில். அவள் புளியமரத்து ஸ்டாப்பில் ஏறினால் ஒரு பாட்டு போடுவான். பால் பண்ணை தாண்டினால் அடுத்தது, ரைஸ் மில் வந்தால் இன்னொன்று, ஆற்றுப் பாலத்தில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கும்போது ஒன்று. ஒன்றரை வருஷம், அதே ஐந்து பாட்டு, அதே வரிசை. ஒரு வார்த்தை பேசியதில்லை. டிக்கெட் கொடுக்கும்போது விரல்கூடப் பட்டதில்லையாம். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள், இந்த வண்டியில் வேறு கேசட்டே இல்லையா என்று திட்டுவார்களாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவனுக்கு அத்தை மவளக் கட்டி வச்சுட்டாவ. மறுநாள் நான் ஏறுதேன், பாட்டே போடல. பஸ்ஸு சும்மா போவுது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இங்கன இருக்கக் கூடாதுன்னு. வேலைக்கு ஆளெடுக்க வேன் வந்துச்சு, ஏறிட்டேன்."

"கெட்டவன்தானக்கா அவன்?"

"கெட்டவன்லாம் இல்லட்டி. பயந்தவன்."

அக்கா அழவில்லை. யூனிபார்மை உதறிக் கொடியில் போட்டாள். அழுகிற பெண்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். நினைத்துக்கொண்டே துணி துவைக்கிற பெண்ணை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அந்த ஐந்து பாட்டும் அவள் போனில் இல்லை. புதிதாக ஒரு மெமரி கார்டு வாங்கியிருந்தாள். விரல் நகத்தைவிடச் சிறியது, கருப்பு. அந்தக் காலத்தில் பாட்டு ஏற்றுவது எப்படி என்று உங்களுக்கு நினைவிருக்கும். வேண்டிய பாட்டின் முதல் வரியை ஒரு பேப்பரில் எழுதி, கார்டோடு சேர்த்து செல் கடையில் கொடுக்க வேண்டும். கடைக்காரர் தேடி ஏற்றி வைப்பார், மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். கடை சுங்குவார்சத்திரத்தில் என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். அக்காவுக்கு அந்த வாரம் முழுக்க ஷிப்ட்டோடு ஓவர்டைமும் சேர்ந்து கிடந்தது. நான் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரு சிக்கல். அந்தக் கடை வாசலில் எப்போதும் பத்துப் பையன்கள் நிற்பார்கள். அந்தப் பக்கம் தலை தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அதனால் பேப்பரை அறிவியல் நோட்டுக்குள்ளும், கார்டை ஜாமெட்ரி பாக்சில் காம்பஸுக்கு அடியிலும் ஒளித்தேன்.

திங்கட்கிழமை பெய்த மழையில் பள்ளிக்கூடம் பாதியில் விட்டுவிட்டார்கள். கடையும் மூடியிருந்தது. தொப்பலாக நனைந்து வீடு வந்தேன். நான் தலை துவட்டுவதற்குள் அம்மா என் பையைக் கவிழ்த்து நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பேப்பர் விழுந்தது.

அதில் இருந்தது இவ்வளவுதான். நம்பர் இல்லை, தலைப்பு இல்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக.

சொன்ன நேரம் தாண்டிப் போச்சு, இனி யாரை நான் கேட்பேன்.

உள்ளுக்குள்ள உடைஞ்சதெல்லாம் ஊருக்கெங்கே கேட்டுச்சு.

யார் மேலயும் கோபமில்ல, எம்மேலதான் பாரம்.

தண்ணி போற திசையில போறேன், தேடி வர வேணாம்.

விளக்கணைச்சு வச்சிருக்கேன், விடியும்போது பாரு.

வேறு எந்த வீட்டு அம்மாவாக இருந்தாலும் இரண்டாவது வரியிலேயே முணுமுணுக்க ஆரம்பித்திருப்பாள். டீக்கடையில், பஸ்ஸில், டிவியில் ஓடி ஓடித் தேய்ந்த பாட்டுகள். என் அம்மா ஒருத்திக்குத்தான் அவை பாட்டு இல்லை. அவள் ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னாடி இது? யார் எழுதினது?"

என் எழுத்து இல்லை என்பது பார்த்தாலே தெரியும். மூணாம் ரூம் அக்காது என்றேன். "உன் பையில எப்டி வந்துச்சு?" என்றாள். செல் கடைக்கு எடுத்துப் போனேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் படிப்பும் முடிந்திருக்கும் என்று பயந்தேன்.

"அவங்க ரூம்ல கீழ கெடந்துச்சு. எடுத்தாந்தேன்" என்றேன்.

அதற்கு மேல் அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. தண்ணி போற திசை என்றால் அவளுக்கு அந்த ஏரிதான். வாடகைக்கு வரும்போது எழுதி வாங்கிய ஃபாரத்தை பீரோவிலிருந்து எடுத்தாள், அக்கா வீட்டு நம்பருக்குப் போன் போட்டாள். "உங்க பொண்ணு உசுருக்கு ஆபத்து, உடனே வாங்க" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து அக்கா வந்ததும் அம்மா அவள் ரூம் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். டீ போட்டுக் கொடுத்தாள், தோசை கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு முன்பே கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்துவிட்டாள், மண்ணெண்ணெய் டின்னையும் எங்கள் சமையலறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அக்கா என்னைத் தனியாகப் பிடித்து, "உங்க அம்மைக்கு என்னட்டி ஆச்சு? கயித்தக் காணும், சீமெண்ணெயக் காணும். தோச மட்டும் வந்துக்கிட்டே இருக்கு" என்றாள்.

"தெரியலக்கா" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

மறுநாளும் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. காலை பத்து மணி வாக்கில் அக்காவின் அப்பாவும் அண்ணனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா ஒரு துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன்தான் பேசினார். ஐந்து ரூம் கதவுகளும் திறந்துகொண்டன.

"யாருட்டி அவன்? சொல்லு."

"எவன்?" என்றாள் அக்கா. அவர் அம்மா கையிலிருந்த பேப்பரை வாங்கி நீட்டினார். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தேவிட்டாள். "இது பாட்டு லிஸ்ட்டுல்லா."

"பாட்டாம்லா பாட்டு."

அம்மா குறுக்கே வந்தாள். "பாட்டா இருந்தா இன்னாத்துக்கும்மா தண்ணியில போறேன், வெளக்கணைச்சிட்டேன்னு எழுதணும்? பெத்தவங்க கீறாங்க, நாங்க கீறோம். மனசுல இன்னா கீதோ சொல்லிடும்மா."

"பாட்டு அப்படித்தாம்மா இருக்கும், நான் என்ன செய்ய? செல் கடையில ஏத்தக் குடுத்துவிட்டேன். கார்டுகூட உங்க புள்ளட்டதான் இருக்கு. கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் உள்ளே மேசை மேல், எட்டிப்பார்த்தால் தெரிகிற தூரத்தில் இருந்தது. போய் எடுத்து மூடியைத் திறந்தால் போதும்.

"இன்னாடி, உன்கிட்ட குடுத்துச்சா?"

"கீழதாம்மா கெடந்துச்சு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சரி. லெட்டருன்னே வச்சுக்கிடுங்க. நான் எழுதுனதுதான். ஒருத்தன நெனச்சுதான் எழுதுனேன். அவன் கல்யாணம் ஆயி சொகமா இருக்கான், இருக்கட்டும். நான் நெனைக்கதுக்கு எழுதுனேன், சாகதுக்கு எழுதல. எனக்கு மத்தியானம் ஷிப்ட்டு இருக்கு."

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, காயாத யூனிபார்மை மாட்டிக்கொண்டு வந்தாள். நேராகத் தெருமுனைக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடிய அண்ணன் கம்பெனி பஸ் வந்து நிற்கிற நேரத்தில் அவள் கழுத்திலிருந்த ஐடி கார்டை நாடாவோடு இழுத்து அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஐடி இல்லாமல் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாது. டிரைவர் பாவமாகப் பார்த்தார், தலையை ஆட்டினார், கதவு சாத்திக்கொண்டது. கூட வேலை பார்க்கிற பெண்கள் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்ததும் அக்கா பாட ஆரம்பித்தாள். முதல் பாட்டு. நல்ல குரலென்று சொல்ல முடியாது, மூச்சு வாங்கியது, சுருதியும் எங்கேயோ போயிற்று. அண்ணன் "வாய மூடுதியா இல்லையா" என்று அதட்டினார். அவள் இன்னும் சத்தமாகப் பாடினாள். ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துத் திரும்பி மெயின் ரோட்டை எட்டும்போது இரண்டாவது பாட்டில் இருந்தாள். பால் பண்ணை. குண்டான் ரூம் படியிலேயே கிடந்தது.

ஆறு மாதத்தில் கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று மூன்றாம் ரூமில் இருந்த இன்னொரு பெண் சொன்னாள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அந்த ஃபாரத்தில் இருந்த நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை.

அம்மா அதைச் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் சபையில் ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் மைக் பிடித்துச் சொல்வது வழக்கம். "சாவுக்குத் துணிஞ்ச ஒரு மகளை மீட்கக் கர்த்தர் இந்த ஏழையை உபயோகப்படுத்தினார்" என்று அம்மா தொடங்கினால் பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். நான் பாயில் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பதினெட்டு வயதில் சபைக்குப் போவதை நிறுத்தினேன். எல்லாரும் கம்பெனி வேலை, கெட்ட சகவாசம், சினிமாப் பாட்டு என்று காரணம் சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் சம்பளத்தில் போன் வாங்கி, அந்தக் கார்டை அதே செல் கடைக்கு எடுத்துப் போனேன். பேப்பர் இல்லை, ஐந்து வரியையும் வாயால் சொன்னேன். கடைக்கார அண்ணன், "இன்னாமா, லவ் பெயிலியரா?" என்றார். "ஆமா" என்றேன். அவனைப் பற்றியோ இவனைப் பற்றியோ அல்ல, அந்த அக்காவைப் பற்றித்தான் சொன்னேன். அதிலிருந்து இன்றுவரை அந்த வரிசை மாறவில்லை. என் வேனில் காலை முதல் நடை அந்த ஐந்து பாட்டுதான்.

அம்மா ஏறினால் மட்டும் நிறுத்திவிடுவேன். முட்டி வலி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சபை வாசலில் விடுவது என் வேலை. போன வாரம், ஏறும்போதே சொன்னாள். "இன்னிக்கு பெண்கள் ஞாயிறு. போதகர் அந்தச் சாட்சியவே சொல்லச் சொன்னாரு, அந்தப் பொண்ணு சாட்சி."

பத்தொன்பது வருஷம் பொறுத்தது அந்த நிமிஷத்தில் தீர்ந்துபோயிற்று. பாட்டைப் போட்டேன்.

சொன்ன நேரம் தாண்டிப் போச்சு என்று தொடங்கியதும், "இன்னா இது, சினிமாப் பாட்டா? நிறுத்துடி" என்றாள். நிறுத்தவில்லை. இரண்டாவது பாட்டு வந்தபோது ஜன்னல் பக்கம் இருந்த அவள் முகம் முன்னால் திரும்பியது. மூன்றாவதில் பைபிளைத் திறந்து உறைக்குள் கையை விட்டாள். நாலாக மடித்த ஒரு பேப்பர், மடிப்பெல்லாம் பழுப்பேறி. அதை அவள் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. நாலாவது பாட்டு ஓடும்போது அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். அது முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கிற இடைவெளியில், பேப்பரைப் பார்க்காமலே சொன்னாள்.

"விளக்கணைச்சு வச்சிருக்கேன், விடியும்போது பாரு."

பிறகு வண்டி அதைப் பாடியது.

சபை வாசல் வந்துவிட்டது. வெள்ளைப் புடவையில் உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாட்டுதானாடி?"

"பாட்டுதாம்மா."

"உனுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். கார்டு என்கிட்டதான் இருந்துச்சு. ஜாமெட்ரி பாக்சுல."

அவளிடம் கேட்க வருஷக்கணக்காக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஒரு பெண் ஏங்கினால் செத்துத்தான் போக வேண்டுமா, ஏங்கிக்கொண்டே வேலைக்குப் போகக்கூடாதா, அந்த அக்கா சொன்னதை ஏன் யாரும் நம்பவில்லை. எல்லாம் நியாயமான கேள்விகள். இன்றும் கேட்பேன். ஆனால் அன்று அந்த முற்றத்தில் அக்கா சொன்னதை மற்றவர்களை நம்பவைக்கக் கூடியவள் நான் ஒருத்திதான் என்பது அம்மா என்னைப் பார்த்த பார்வையிலேயே இருந்தது.

"தினம் அந்தப் பொண்ணு பேரச் சொல்லி ஜெபம் பண்றேன்" என்றாள் அம்மா. "பாட்டு கேட்ட பொண்ணத்தான் நான் புடிச்சிக் குடுத்தேனா?"

பாட்டு முடிகிறவரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"நீயும் எறங்கு."

"நான் எதுக்கும்மா?"

"சாட்சி சொல்லணும். நான் பாதிதான் சொல்ல முடியும். மீதி உன்து."

பதினைந்து வருஷம் கழித்து உள்ளே போனேன். என்ன சொன்னேன் என்று தனியாக எழுத வேண்டியதில்லை, மேலே எழுதியிருப்பதுதான் அது. பாட்டை நான் நிறுத்தவில்லை, சாவி வண்டியிலேயே இருந்தது, கதவும் திறந்தே இருந்தது. அம்மா மைக்கைக் கையில் வாங்கி, "நான் உயிரைக் காப்பாத்தல" என்று ஆரம்பித்தபோது வாசலில் முதல் பாட்டு மறுபடி வந்துவிட்டது. உள்ளே எல்லாருக்கும் கேட்டது. ஒரு பெரியவர் நிறுத்தப் போக எழுந்தார்.

"இருக்கட்டும், உக்காருங்க" என்றாள் அம்மா, மைக்கில்.